4 ஜிபி ராம் லேப்டாப்பில் வீடியோ எடிட்டிங்: என் அனுபவம்

அக்காவின் சமையல் வீடியோக்களை வெட்டி ஒட்டித் தரும் வேலை என்னுடையது. லேப்டாப் பழையது, 4 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. முதலில் போட்ட இலவச மென்பொருளில் வாட்டர்மார்க் (வீடியோ மேலேயே அவர்கள் முத்திரை) வந்தது. அடுத்ததில் பிளே பட்டனைத் தொட்டாலே திரை உறைந்துவிடும்.

அப்புறம்தான் ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருளைப் போட்டேன். ஓப்பன் சோர்ஸ், வாட்டர்மார்க் கிடையாது. ஹெச்டி வீடியோவுக்கு 8 ஜிபி ராம் வேண்டும் என்று ஷாட்கட்காரர்களே சொல்கிறார்கள். 4 ஜிபியில் சமாளிக்க வழி, பிராக்ஸி. செட்டிங்ஸ் மெனுவில் ‘யூஸ் பிராக்ஸி’யை டிக் செய்தால், ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு சின்ன நகலை அதுவே தயாரிக்கும். நாம் வெட்டுவது அந்த நகலை வைத்து. முடித்த வீடியோ ஃபைலாக எக்ஸ்போர்ட் ஆகும்போது ஒரிஜினல் தரத்திலேயே வரும். அதே மெனுவில், எடிட் செய்யும்போது திரையில் தெரியும் படத்தின் தெளிவைக் குறைக்கும் பிரிவியூ ஸ்கேலிங்கை 360பி ஆக்கினேன். கடுகு தாளிக்கும் காட்சி திக்காமல் ஓடியபோது அவ்வளவு நிம்மதி!

போனில் எடுத்த கிளிப்பைத் திறந்தால், எடிட் செய்ய ஏற்றபடி மாற்றவா என்று சில சமயம் கேட்கும். மாற்றிவிடுங்கள். ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்பது) சீராக இல்லாத வீடியோவில் சத்தமும் படமும் விலகும் தொல்லை அதனால் குறையும். ஃபைல் பெரிதாகும், டிஸ்கில் இடம் இருக்கட்டும்.

தமிழ்த் தலைப்புக்கு டெக்ஸ்ட் ஃபில்டரில் விண்டோஸின் நிர்மலா எழுத்துருவை வைத்தேன். ‘கொத்தமல்லி’யில் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நின்றன. எக்ஸ்போர்ட் மட்டும் மெதுவாகத்தான் ஆகிறது. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.