நாக்கைப் பார்ப்பதில் விடும் பிழைகள்

டோர்ச் வெளிச்சத்தில் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, "அடிநாக்கில் கட்டி கட்டியாய் இருக்கு, புற்றுநோயோ?" என்று பதறுகிறவர்கள் நிறைய. அநேகமாக அவர்கள் பார்ப்பது சுவை அரும்புகளைத் தாங்கும் பெரிய புடைப்புகளை. தொண்டைக்குக் கிட்ட, 'வி' எழுத்து வடிவில் 8 முதல் 12 வரை வரிசையாக இருக்கும், எல்லோருக்கும் உண்டு. நாக்கின் பின்பக்க ஓரங்களில் செங்குத்தான செம்மடிப்புகளும் இயல்பானவையே. தடிமன் பிடித்தால் அவை வீங்கவும் கூடும். இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் காட்ட வேண்டும்.

வெள்ளை விளிம்போடு சிவப்புத் திட்டுகள் தோன்றி, சில நாளில் இடம் மாறினால் அது தொற்றுமல்ல, பூஞ்சையுமல்ல. காரம் பட்டால் எரியும், அவ்வளவுதான். அதற்குப் பூஞ்சை மருந்து பூசிப் பயனில்லை.

உண்மையான ஆபத்து இதற்கு நேர்மாறான பிழையில் இருக்கிறது: "நோகவில்லை, அப்போ ஒன்றுமில்லை." வாய்ப்புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது. நாக்கில் அது அதிகம் தொடங்குவது மேற்பரப்பில் அல்ல, பக்க ஓரங்களிலும் அடியிலும். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்க்கும்போது அந்த இடங்கள்தான் தெரிவதில்லை. நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் இழுத்துப் பாருங்கள். பிறகு நுனியை மேலண்ணத்தில் தொட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத தடிப்பு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெல்ல அமர்த்தும்போது தட்டுப்படும்.

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்கும் வெற்றிலையும்தான்" என்பது கொழும்பில் சாதாரணமாகக் கேட்கும் சமாதானம். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கை முதல் வகுப்புப் புற்றுநோய்க் காரணியாக, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருளாக, வகைப்படுத்தியிருக்கிறது.

வாய்ப்புண் வந்தால் பாமசியில் விற்றமின் பி குளிசை வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது இன்னொரு பழக்கம். சாதாரணப் புண் 10 முதல் 14 நாளில் ஆறிவிடும். உடைந்த பல்லின் கூர் உரசிக்கொண்டே இருந்தால் எந்தக் குளிசையாலும் ஆறாது. பல்லை ராவிச் சரிசெய்ய வேண்டும். 2 வாரம் தாண்டிய புண், வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, காரணமில்லாத சிவப்புத் திட்டு இவற்றில் எது இருந்தாலும் பல் வைத்தியரிடம் போங்கள். கொழும்பு வோர்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலையிலும் காட்டலாம். தேவையென்றால் சிறு துண்டெடுத்துச் சோதிப்பார்கள். அதைக் கேட்டுப் பயந்து நாள் கடத்தாதீர்கள்.

நாக்கு வழிப்பதில் வேகம் வேண்டாம். காலையில் தெரியும் மெல்லிய வெள்ளைப் படை இயல்பானது. பின்னிருந்து முன்னாக, மெதுவாக, மூன்று நான்கு முறை போதும். இரத்தம் வரும்வரை சுரண்டுவது சுத்தமல்ல, காயம். தயிர் போன்ற படை வழிக்கும்போது கழன்று அடியில் சிவந்தால் பூஞ்சையாக இருக்கலாம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீரொய்ட் பம்ப் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பினால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று பாடப்புத்தகத்தில் படித்த சுவை வரைபடத்தை மறந்துவிடுங்கள். 1901இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பிறர் தவறாக விளங்கியதில் பரவியது அது. அரும்புகள் உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். கொச்சிக்காய் உறைப்போ சுவையே அல்ல, எரிவையும் வலியையும் உணரும் நரம்பின் வேலை. அதன் காரப்பொருள் தண்ணீரில் கரையாது. பாலோ தயிரோ குடியுங்கள்.

கடைசியாக, உயிரோடு விளையாடும் பிழை. வலிப்பு வந்தவரின் வாயில் கரண்டியைச் செருகுவது, "நாக்கை விழுங்கிவிடுவார்" என்ற பயத்தில். நாக்கின் அடித்தசை கீழ்த்தாடை எலும்போடு பிணைந்திருக்கிறது, அதை விழுங்க முடியாது. கரண்டியால் பல் உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழாய்க்குள் போகும், உங்கள் விரலும் கடிபடும். தலைக்குக் கீழே மென்மையாக ஏதாவது வைத்து, கழுத்துப் பொத்தானைக் கழற்றி, நேரத்தைப் பாருங்கள். உதறல் நின்றதும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். அப்போது தளர்ந்த நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்காது, எச்சிலும் வெளியே வழியும். 5 நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமல் மறுபடி வந்தால், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.