டிக்கியில் பெட்டி ஏறும் முன்

சைகானில் ஒரு இரவு, மணி பதினொன்றரை. டாக்ஸி மீட்டர் 95.0 என்று காட்டியது. வியட்நாமில் மீட்டர் கடைசி மூன்று சைபரைக் காட்டாது, அதாவது 95,000 டாங். நான் 5,00,000 டாங் நோட்டு ஒன்றை முன்சீட்டுப் பக்கம் நீட்டினேன். டிரைவர் வாங்கினார், குனிந்தார், நிமிர்ந்தார். இப்போது அவர் கையில் இருந்தது 20,000 டாங் நோட்டு. நான் கொடுத்தது இதுதான் என்றும், இன்னும் 75,000 வேண்டும் என்றும் சைகை காட்டினார்.

இரண்டு நோட்டும் நீலம். வண்டிக்குள் விளக்கு இல்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, தவறுதலாகச் சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேனோ என்று. பக்கத்தில் அம்மா. “நீ அஞ்சு லட்சம்தான் குடுத்த. நான் பாத்தேன்” என்றார். சரி, பார்த்தவர் சாட்சி சொல்கிறார், அப்புறம் என்ன? பெட்டி இரண்டும் டிக்கியில். டிக்கியைத் திறக்கும் லீவர் டிரைவர் காலடியில். கேட்ட 75,000-ஐயும் கொடுத்துவிட்டு இறங்கினேன். 95,000 பயணத்துக்கு 5,75,000.

அறைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அம்மா சொன்னார்: “பெட்டி நம்ம கையில இருந்திருந்தா நீ இப்படிப் பயந்திருக்க மாட்ட.”

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் இறங்கியாயிற்று. டாக்ஸிக்காரர், நகைக்கடைக்காரர், ஒட்டகக்காரர் என்று யார் தலையில் மிளகாய் அரைத்தாலும் அடியில் இருக்கும் வித்தை இது ஒன்றுதான்: விலை முடிவாகும் முன் உங்களுடைய ஏதோ ஒன்று அவர் கைக்குப் போய்விடுகிறது. பெட்டி, பாஸ்போர்ட், நோட்டு, மணிக்கட்டு, சில சமயம் நீங்களே. ஒவ்வொரு இடத்திலும் அது எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

விமான நிலையத்திலிருந்து தொடங்குவோம், அதிகம் ஏமாறுவது அங்கேதான். தூக்கமில்லை, ஊர்க் காசு எது எவ்வளவு என்று புரியவில்லை, போன் இன்னும் வேலை செய்யவில்லை. அந்த நேரத்தில் “டாக்ஸி, மேடம்?” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து தள்ளுவண்டியைப் பிடிப்பார். பிடிக்க விடாதீர்கள். தானாக வந்து அழைப்பவரோடு போவதில்லை என்று ஒரு பிடிவாதம் வைத்துக்கொண்டால் போதும், அவர் நல்லவரா கெட்டவரா என்று ஆராயும் வேலையே இல்லை. முறையான டாக்ஸிக்கு வரிசை இருக்கும், பலகை இருக்கும். பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் அது முதல் தளம். இயந்திரத்தில் சீட்டு எடுத்து, அதில் இருக்கும் எண்ணுள்ள தடத்தில் நிற்கும் வண்டியில் ஏற வேண்டும். மீட்டர் தொகையோடு 50 பாட் விமான நிலையக் கட்டணம் சேரும், விரைவுச்சாலைச் சுங்கம் நம் செலவு. இதெல்லாம் நியாயமானது, இதற்குச் சண்டை போடாதீர்கள். அந்தச் சீட்டை டிரைவர் கேட்டாலும் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுப்பதற்கு அதுதான் பிடிமானம்.

சில ஊர்களில் பேரமே தேவையில்லை. பாரிஸில் சார்ல் டி கோல் விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் இடையே 2016 முதல் நிலையான கட்டணம். 2025 நிலவரப்படி சேன் நதியின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. பெட்டிக்குத் தனிக் காசு கிடையாது. நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்கு மஞ்சள் டாக்ஸி 2022 டிசம்பரில் 52 டாலரிலிருந்து 70 டாலர் ஆனது. சுங்கம், கூடுதல் கட்டணங்கள், டிப்ஸ் தனி. போகும் ஊருக்கு இப்படி ஒரு தொகை உண்டா என்று புறப்படும் முன்பே தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் தங்கப்போகும் ஹோட்டலுக்கு முந்தின நாள் ஒரு வரி அனுப்புங்கள்: விமான நிலையத்திலிருந்து மீட்டர் டாக்ஸியில் வந்தால் வழக்கமாக எவ்வளவு ஆகும்? எனக்கு இதுவரை பதில் வராமல் இருந்ததில்லை. அந்தத் தொகையைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். போன் சார்ஜ் போனாலும் தாள் போகாது.

வண்டியை நெருங்கியதும் டிரைவர் முதலில் செய்வது டிக்கியைத் திறப்பது. உபசாரம்தான், ஆனாலும் பெட்டியின் கைப்பிடியை விடாதீர்கள். “மீட்டர்?” என்று ஒரு வார்த்தை. தலையாட்டினால் பெட்டி ஏறட்டும். மீட்டர் கெட்டுவிட்டது, டிராஃபிக் அதிகம், மழை என்று ஆரம்பித்தால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டி. மீட்டரே இல்லாத ஊர் என்றால் தொகையைப் போன் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதுக்கு ஒன்றுபோலத்தான் விழும், இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். எந்த நாட்டுக் காசு, தலைக்கா மொத்தத்துக்கா, பெட்டியும் சேர்த்தா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். ஏறும் முன் நம்பர் பிளேட்டை அவர் பார்க்கும்படியே ஒரு படம் எடுத்துவிடுவேன். கோபமாக அல்ல, ஊர் சுற்ற வந்தவள் கண்ட படத்தையும் எடுக்கிறாள் என்கிற தோரணையில்.

ஓடும் வண்டியில் வாக்குவாதம் வேண்டாம். வரைபடத்தைத் திறந்து போனைக் கண்ணில் படும்படி பிடித்திருந்தால் சுற்றுவழியில் போக நினைப்பவரும் கொஞ்சம் யோசிப்பார். “உங்கள் ஹோட்டலை மூடிவிட்டார்களே, நான் வேறு இடம் காட்டுகிறேன்” என்று சொன்னால் உங்கள் போனிலிருந்து ஹோட்டலுக்குப் பேசுங்கள். அவர் போனில் வேண்டாம். மறுமுனையில் பேசுவது யார் என்று யாருக்குத் தெரியும்?

இறங்கும்போதுதான் சைகான் பாடம். ஒருவர் முதலில் இறங்கி டிக்கியிலிருந்து பெட்டிகளை எடுத்துத் தரையில் வைக்க வேண்டும், இன்னொருவர் அதுவரை சீட்டில் இருக்க வேண்டும். தனியாகப் போனால் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் காசு கொடுங்கள். பெரிய நோட்டு கொடுக்க நேர்ந்தால் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, தொகையைச் சத்தமாகச் சொல்லி, அவர் வாயாலும் சொல்லவைத்த பிறகே கையை விடுங்கள். வியட்நாமில் நான் 5,00,000 நோட்டுகளைத் தனி உறையில் போட்டுவிடுகிறேன். பர்ஸில் சில்லறை நோட்டு மட்டும். அம்மா ஒரு படி மேலே போய் ரூபாய்க்கட்டு எண்ணுகிற வங்கிக் காசாளர் மாதிரி ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைப்பார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும். அடிக்கட்டும்.

செயலியில் வண்டி அழைத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. கிராப் போன்றவற்றில் ஏறும் முன்பே தொகை தெரிந்துவிடும். ஆனால் வாசலில் நின்றுகொண்டு “கிராப்? கிராப்?” என்று கூப்பிடுபவர் நீங்கள் அழைத்த ஆள் இல்லை. நம்பர் பிளேட்டைப் பாருங்கள். “நீங்கள்தானே இன்னார்?” என்று கேட்காமல் “யாரை ஏற்றிப்போக வந்தீர்கள்?” என்று கேளுங்கள். உங்கள் பெயரை அவர் சொல்லட்டும். பயணத்தை ரத்து செய்துவிட்டுக் கையில் காசாகக் கொடுங்கள் என்றால் மறுத்துவிடுங்கள், அந்த நிமிடமே பதிவு, கட்டணம், புகார் வழி எல்லாம் போய்விடும்.

அடுத்தது டாக்ஸிக்கு வெளியே நடப்பது. பாங்காக் அரண்மனைச் சுவரோரம் ஒருவர் எங்களை நிறுத்தினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அரண்மனை பிற்பகல் வரை மூடல், உள்ளே பூஜை என்றார். வரைபடத்தில் பேனாவால் மூன்று கோயில்களை வட்டமிட்டார். துக்துக் என்கிற அந்த ஊர் ஆட்டோ ஒன்றைக் கைதட்டி அழைத்து, மூன்றுக்கும் சேர்த்து 20 பாட் என்று பேசியும் கொடுத்தார். அந்தக் காசுக்கு யார் அவ்வளவு தூரம் ஓட்டுவார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது கோயிலில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் பேச்சுக் கொடுத்தார். நீலக்கல் வாங்கிக்கொண்டு போய்த் தன் நாட்டில் லாபத்துக்கு விற்றாராம். அரசாங்கத் தள்ளுபடி விற்பனையாம், இன்றுதான் கடைசி நாளாம். அடுத்து துக்துக் எங்கே நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

கடையில் குளிர்பானம் கொடுத்து உட்காரவைத்தார்கள். கார்டு ஹோட்டலில் இருக்கிறது என்றேன். நாங்களே காரில் கூட்டிப்போய் எடுத்துவருகிறோம் என்றார்கள். அம்மா சட்டென்று தலையைப் பிடித்துக்கொண்டு “மயக்கம் வருதுடி” என்றார். வெளியே வந்துவிட்டோம். எதுவும் வாங்காததால் துக்துக் எப்போதோ போய்விட்டிருந்தது. மயக்கமும் தெருமுனையில் தெளிந்துவிட்டது.

அப்படி ஓர் அரசு விற்பனையே கிடையாது. அரண்மனை தினமும் காலை 8.30-க்குத் திறந்து, மாலை 3.30 வரை சீட்டு கொடுக்கிறார்கள். அந்த மனிதரைத் தாண்டி நூறடி நடந்து வாசலைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூடியிருக்கிறது என்று யார் சொன்னாலும் வாசல்வரை உங்கள் காலால் போய்ப் பாருங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் சாக்ரே கேர் தேவாலயப் படிகளில் நூல் கயிற்றை விரலில் மாட்டிப் பின்ன ஆரம்பிப்பார்கள். கை அவர்களிடம் சிக்கிவிட்டால் காசு கொடுக்காமல் போக முடியாது. கைகளைப் பையில் விட்டுக்கொண்டு நிற்காமல் நடங்கள். மனுவில் கையெழுத்து கேட்டுப் பலகையை நீட்டினால் அந்தப் பலகை உங்கள் கைப்பையை மறைக்கிறது என்று அர்த்தம். பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்று தேநீர்க் கடைக்கு அழைக்கும் இளைஞர்களோடு போனால் பில்லைப் பார்த்துத்தான் தேநீரின் விலை தெரியவரும். புகெட், பட்டாயா கடற்கரைகளில் ஜெட் ஸ்கீ எடுத்தால் திரும்பி வந்ததும் பழைய கீறலுக்கெல்லாம் உங்களிடம் காசு கேட்பார்கள், பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஜெட் ஸ்கீயோ பைக்கோ, பாஸ்போர்ட்டை அடமானம் கேட்கும் இடத்தில் வாடகைக்கு எடுக்கவே வேண்டாம். சீருடை இல்லாத போலீஸ் என்று சொல்லிக்கொண்டு பர்ஸைக் காட்டச் சொன்னால், ஸ்டேஷனுக்கு வருகிறேன், அங்கே காட்டுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

கீசா பிரமிடுகளிடம் ஒட்டகத்தில் ஏற்றுவதற்கு மலிவாகச் சொல்வார்கள், இறக்கிவிடுவதற்குத்தான் விலை. அங்கே பெட்டி நாமேதான். அம்மா கீழே நின்றுகொண்டே “ஏறுறதுக்கு இவ்வளவு, சரி. இறங்குறதுக்கு எவ்வளவுன்னு கேளு” என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒட்டகக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் ஏறவில்லை.

பணம் மாற்றுவதிலும் கார்டிலும் யாரும் வந்து கையைப் பிடிக்க மாட்டார்கள், ஆனாலும் காசு கரையும். ஏடிஎம்மோ கடை இயந்திரமோ உங்கள் நாட்டுக் காசில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த ஊர்க் காசிலேயே போகட்டும். மறுத்தாலும் பணம் வரும், அவர்கள் மாற்று விகிதம் மட்டும் ஒதுங்கிக்கொள்ளும். கமிஷன் இல்லை என்று பெரிதாக எழுதியிருக்கும் மாற்றுக் கடைகளில், இவ்வளவு கொடுத்தால் கையில் எவ்வளவு வரும் என்று எழுதிக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் நோட்டை எடுங்கள். ப்ராக்கில் ஏமாந்தால் ஒரு வழி உண்டு: 2019 முதல் செக் சட்டப்படி 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கலாம். ரசீதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் எங்காவது மாட்டுவோம். மாட்டினால் முதலில் பெட்டியும் ஆளும் வெளிச்சத்துக்கு, அதாவது ஹோட்டல் வாசலுக்கோ வரவேற்பறைக்கோ. வரவேற்பறை ஆளை வெளியே வந்து பேசச் சொல்லுங்கள், உள்ளூர் மொழியில் இரண்டு வார்த்தை விழுந்ததும் பல சமயம் தொகை தானாகக் குறையும். தனி இருட்டுத் தெருவில், டிரைவர் குரல் உயர்ந்தால், கொடுத்துவிட்டு இறங்கிவிடுங்கள். நான் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தொகையை இப்படிப் போகட்டும் என்று முன்பே ஒதுக்கிவிடுகிறேன். அதற்குள் அடங்கினால் தூக்கம் கெடாது. அதைத் தாண்டினால் மறுநாள் காலை புகார். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. டாக்ஸியின் எண் பின்கதவின் உட்புறம் மஞ்சள் தகட்டில் இருக்கும். நியூயார்க்கில் 311, ரசீதில் இருக்கும் மெடாலியன் எண்ணை, அதாவது டாக்ஸியின் உரிம எண்ணைச் சொன்னால் போதும். கார்டில் கொடுத்திருந்தால் வங்கிக்கு எழுதி அந்தத் தொகையை எதிர்த்து முறையிடலாம், ரசீதும் படமும் இருந்தால் பேச்சு எடுபடும். நேரம், இடம், வண்டி எண், பேசிய தொகை, வாங்கிய தொகை என்று ஐந்தையும் அன்றிரவே எழுதிவிடுங்கள். காலையில் கோபம் நினைவிருக்கும், எண் நினைவிருக்காது.