நெடுங்கடல் பயணத்துக்கு மூட்டை கட்டும்போது நடக்கும் தவறுகள்

பாய்மரப் படகில் வாரக்கணக்கில் போகக் கிளம்புகிறவர்கள் பெரிய சாமான்களை மறப்பதில்லை. லைஃப் ராஃப்ட் (படகு மூழ்கினால் ஏறிக்கொள்ளும் மிதவை), ஜிபிஎஸ், சாட்டிலைட் போன் எல்லாம் பட்டியலின் தலையிலேயே இருக்கும். கோட்டை விடுவது அதற்குக் கீழேதான். அசையாத தரையில், வெளிச்சத்தில், இரண்டு கையும் சும்மா இருக்கிற ஒருவருக்கு வசதியானதையே எடுத்து வைக்கிறோம். கடலில் படகு நாள் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும். மிச்சமுள்ள ஒரு கையால், இருட்டில், ஈர விரல்களோடு இதைப் பயன்படுத்த முடியுமா என்று ஒவ்வொரு சாமானையும் பார்த்துக் கேட்டால் பட்டியலில் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

சக்கரம் வைத்த சூட்கேஸைக் காலி செய்தபிறகு படகில் வைக்க இடமே கிடையாது. சுருட்டி வைக்கக்கூடிய துணிப்பைதான் சரி. அதைவிட மோசம் அட்டைப்பெட்டி. அதன் மடிப்புகளில் கரப்பான்பூச்சியின் முட்டைகள் ஒட்டிக்கொண்டு வரும். படகின் சந்துபொந்துகளில் ஒருமுறை குடியேறிவிட்டால் விரட்டுவது பெரும்பாடு. அதனால் எல்லாவற்றையும் கரையிலேயே பிரித்து, அட்டையை அங்கேயே போட்டுவிட வேண்டும்.

உணவு டின்களின் காகித லேபிளும் இதே ரகம். டின்களைப் பெரும்பாலும் பில்ஜில், அதாவது படகின் அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில்தான் அடுக்குவார்கள். லேபிள் ஊறிக் கழன்று, கூழாகி, பம்பின் வாயை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஏறுகிற நேரத்தில்தான் அது தெரியவரும். லேபிளை முன்கூட்டியே உரித்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று அழியாத மார்க்கரால் மூடியில் எழுதுங்கள். எழுத மறந்தால் இரவுச் சாப்பாடு தினமும் சீட்டுக் குலுக்கல்தான். டின்னால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. படகைத் தானாகத் திசை பிடித்து ஓட்டும் ஆட்டோபைலட்டுக்கான காம்பஸ் பல படகுகளில் ஏதாவது ஓர் அலமாரிக்குள் மறைவாக இருக்கும். அதன் பக்கத்தில் எஃகு டின்களையோ ஸ்பீக்கரையோ வைத்தால் அது திசை பிசகும். படகு ஏன் கோணலாகப் போகிறது என்று மெஷினைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன் அலமாரியைத் திறந்து பாருங்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டருக்குக் குறையாமல் குடிநீர் என்று கணக்குப் போடுவது சரிதான். அத்தனையையும் ஒரே டேங்கில் வைப்பதுதான் தப்பு. ஒரு விரிசலோ உள்ளே கசிந்த கொஞ்சம் கடல்நீரோ போதும், மொத்தமும் வீண். ஒரு பங்கைக் கேன்களில் பிரித்து வையுங்கள். கேனை விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் காற்று விட்டால், கடலில் விழுந்தாலும் மிதக்கும். கடல்நீரை நன்னீராக்கும் மெஷின் இருக்கிறதே என்று தைரியமாக இருக்க வேண்டாம், அதுவும் பழுதாகும் பொருள்தான்.

குளியல் சோப்பு கடல்நீரில் நுரைக்காது. அந்த நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதைப் பிசுக்காகத் திரித்துவிடும். பாத்திரம் கழுவும் லிக்விட் நன்றாகவே நுரைக்கும், குளிக்கவும் அதுவே போதும். அப்புறம் ஜீன்ஸ். உப்புப் படிந்த பருத்தித் துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காயவே காயாது. கம்பளியும் பாலியெஸ்டரும் எவ்வளவோ மேல்.

உதிரிபாகத்தை வாங்கிவிட்டு, அதை மாட்டத் தேவையான கருவியை விட்டுவிடுவது அனுபவசாலிகளும் செய்வது. என்ஜினைக் குளிர்விக்கும் பம்பின் இம்பெல்லரையே, அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதியது கையில் இருக்கும். ஆனால் அதன் மூடியின் குட்டி ஸ்குரூ ஒன்று ஆட்டத்தில் நழுவி பில்ஜுக்குள் போய்விட்டால் வேலை நின்றுவிடும். கரையிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்தால் எந்த ஸ்பேனர் குறைகிறது, எத்தனை ஸ்குரூ கூடுதலாக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

விலை குறைவு என்பதாலோ என்னவோ, சில சாமான்களை யாரும் மதிப்பதில்லை. பழைய சைக்கிள் டியூப்பைப் பட்டைகளாக வெட்டினால் குழாய்க் கசிவை இறுக்கிக் கட்டலாம், கயிறு உரசும் இடத்தில் சுற்றலாம். பிரஷர் குக்கரின் மூடி பூட்டிக்கொள்வதால், அடுப்பிலிருந்து உருண்டாலும் கொதிக்கும் குழம்பு காலில் கொட்டாது. புரொபெல்லரில் கயிறு சிக்கினால் நீச்சல் மாஸ்க்கும் பல் வைத்த கத்தியும் இல்லாமல் ஒன்றும் நடக்காது. எல்லாவற்றுக்கும் மேலே மென்மரத்தில் செய்த கூம்பு. படகின் அடிப்பாகத்தில் குழாய்களுக்காகப் போட்ட, வால்வு வைத்த துளைகள் இருக்கும்; அவற்றில் ஒன்று உடைந்தால் அடித்து அடைக்கத்தான் இந்தக் கூம்பு. நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 40 மில்லிமீட்டர் துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே பாயும். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதன் அளவுக்கேற்ற கூம்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். மெத்தைக்கு அடியில் டூல் பாக்ஸில் கிடக்கும் கூம்பு இருந்தும் இல்லாததுதான்.

டார்ச் ஆளுக்கு ஒன்று, தலையில் மாட்டுவதாக, சிவப்பு ஒளியோடு. வெள்ளை வெளிச்சம் ஒருதடவை கண்ணில் பட்டால் இருட்டுக்குப் பழக மறுபடி 20 முதல் 30 நிமிடம் ஆகும். கடல் ஆட்டத்தால் வரும் குமட்டலுக்கான மாத்திரையை வாந்தி தொடங்கியபிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது. கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். எவ்வளவு தூக்கம் வருகிறது என்பதைக் கரையிலேயே ஒருநாள் போட்டுப் பார்ப்பது நல்லது.

படகைக் கைவிட வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு ஓடும் அவசரப் பையை, அதற்கான நேரம் வரும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. 1982-ல் ஸ்டீவன் காலஹன் அட்லாண்டிக்கில் 76 நாள் ராஃப்ட்டில் மிதந்து உயிர் தப்பினார். பாதி மூழ்கிய படகுக்குள் திரும்பப் போய் அவர் மீட்டுவந்த அவசரப் பையில் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் சாதனமும் மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கியும் ஏற்கெனவே தயாராக இருந்தன. உங்கள் பையில் மாற்று மூக்குக்கண்ணாடியும் தினசரி மருந்துகளும் இருக்கட்டும். ஆபத்தில் பட்டனை அழுத்தினால் மீட்புக்குழுவுக்குச் சிக்னல் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனின் பேட்டரி காலாவதித் தேதியைப் பாருங்கள். அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். பழைய படகோடு சேர்ந்து வந்த பீக்கன் பல நேரம் முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். நீங்கள் பட்டனை அழுத்தினால் மீட்புக்குழுவின் போன் அவருக்குத்தான் போகும்.