‘தி டியூக்’ கதையைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“லண்டன் மியூசியத்துல ஒரு தாத்தா பெயின்டிங் திருடிட்டாராம். பாவம்னு கோர்ட்டே விட்டுடுச்சாம்.” உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்த ‘தி டியூக்’ ஆங்கிலப் படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர் எனக்கு இப்படித்தான் கதை சொன்னார். ஒரே மூச்சில் மூன்று தவறு. ஜிம் பிராட்பென்ட்டும் ஹெலன் மிர்ரனும் அவ்வளவு இயல்பாகச் சிரிக்க வைத்துவிடுவதால் விவரங்கள் நழுவிவிடுகின்றன. இன்னும் படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பேச முடியாது.

முதலில் சின்னத் தவறு. திருட்டு நடந்தது ஏதோ மியூசியத்தில் இல்லை, லண்டன் நேஷனல் கேலரி என்னும் ஓவியக்கூடத்தில், 1961 ஆகஸ்ட் 21 அன்று. (மோனா லிசா பாரிஸில் களவுபோனதும் அதே ஆகஸ்ட் 21, சரியாக 50 வருடம் முன்னால்.) காணாமல் போனது வெல்லிங்டன் பிரபுவை ஸ்பெயின் ஓவியர் கோயா வரைந்த சிறிய ஓவியம். இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழுவார்கள். பள்ளிக்கூடத்தில் ‘துணைப்படைத் திட்டம்’ என்று படித்தோமே, அந்த வெல்லெஸ்லி பிரபு இவர் இல்லை. அவர் அண்ணன் ரிச்சர்ட். ஓவியத்தில் இருப்பவர் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி, அவர்தான் வெல்லிங்டன் பிரபு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிரான போரில் இருந்தவர், பிறகு வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர்.

அடுத்தது, அந்தத் தாத்தா கெம்ப்டன் பன்டனை ஓவியத்துக்கு ஆசைப்பட்டவராகவோ பணத்துக்கு ஆசைப்பட்டவராகவோ சொல்வது. நியூகாசிலைச் சேர்ந்த அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அன்றைய பிரிட்டனில் வீட்டில் டிவி வைத்திருந்தால் லைசென்ஸ் கட்டணம் கட்டியாக வேண்டும். நம் ஊரிலும் ஒரு காலத்தில் ரேடியோ லைசென்ஸுக்குத் தபால் நிலையத்தில் பணம் கட்டினார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தனிமையில் கிடக்கும் முதியவர்களிடமும் ஏழைகளிடமும் அந்தக் கட்டணத்தை வாங்கக் கூடாது என்பது பன்டனின் வாதம். தானும் கட்ட மறுத்து ஜெயிலுக்குப் போனார். அந்த நேரத்தில்தான் கோயாவின் ஓவியம் ஓர் அமெரிக்கர் கைக்குப் போகாமல் இருக்க 1,40,000 பவுண்டு திரட்டப்பட்டது. ஒரு லட்சம் வுல்ஃப்ஸன் அறக்கட்டளை கொடுத்தது, மீதி 40,000 அரசுப் பணம். மாட்டிவைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஓவியம் போய்விட்டது. அதே அளவு பணத்தை ஏழைகளின் டிவி லைசென்ஸுக்குத் தர வேண்டும் என்று கடிதம் வந்தது.

சரி, பெரிய தவறுக்கு வருவோம்: ‘பாவம் பார்த்து விட்டுவிட்டார்கள்’ என்பது. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது பன்டனின் வழக்கறிஞர் ஜெரமி ஹட்சின்ஸன் ஜூரியின் இரக்கத்தை மட்டும் நம்பி வாதாடவில்லை. பொருளை உடையவரிடமிருந்து நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் இருந்தால்தான் அது திருட்டு என்பது அன்றைய ஆங்கிலேயச் சட்டம். ஓவியத்தைத் திருப்பிக் கொடுப்பதாகத்தான் முதலிலிருந்தே திட்டம், திருப்பியும் கொடுத்தாயிற்று. அப்படியானால் திருட்டு எங்கே? 1965 நவம்பரில் ஜூரி இதை ஏற்று, ஓவியத்தைத் திருடிய குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது.

ஆனால் ஓவியத்தைச் சுற்றியிருந்த மரச்சட்டம் திரும்பி வரவில்லை. அதே அளவுகோலால் அளந்தால் அது திருட்டுதான். மூன்று மாதச் சிறை. ஓவியத்தைச் சட்டம் விட்டது, சட்டத்தைச் சட்டம் விடவில்லை! இந்தச் சிலேடை ஆங்கிலத்தில் வராது, தமிழில் கதை சொல்கிறவர் இதை விட்டுவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான். ‘விடுதலை ஆகிவிட்டார்’ என்று முடித்தால் இந்த வழக்கின் உயிரே போய்விடும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1968-இன் திருட்டுச் சட்டத்தில் தனிப் பிரிவு வந்தது: பொதுமக்கள் பார்வைக்கு வைத்த பொருளை அனுமதியின்றி எடுத்துப்போவதே குற்றம், திருப்பித் தரும் எண்ணம் இருந்தாலும்.

அப்புறம், ‘தாத்தா திருடினார்’. நீதிமன்றமே அப்படித்தான் நினைத்தது. அறுபதை ஒட்டிய கனத்த உடம்புக்காரர் கேலரியின் கழிவறை ஜன்னல் வழியே எப்படி ஏறி இறங்கினார் என்று யோசித்தவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். ஏறியது மகன் ஜான். 1969-இல் வேறொரு விஷயத்தில் போலீஸிடம் சிக்கியபோது தானாகவே ஒப்புக்கொண்டார், வழக்குப் போடவில்லை. அது பற்றிய ஆவணங்களை 2012-இல்தான் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் வெளியிட்டது. தந்தை மகனுக்காகப் பழியை ஏற்றார் என்பது தெரிந்தபின் நீதிமன்றக் காட்சியை இரண்டாம் முறை பாருங்கள், பிராட்பென்ட்டின் நகைச்சுவை வேறு மாதிரி ஒலிக்கும்.

படத்தையே வரலாறாக எடுத்துக்கொள்வதும் வேண்டாம். நான்கு வருடக் கதையை இயக்குநர் ரோஜர் மிச்செல் சில மாதங்களுக்குள் சுருக்கியிருக்கிறார். படத்தில் கெம்ப்டன் ஓவியத்தைத் தானே கேலரிக்குக் கொண்டுபோகிறார். நிஜத்தில் 1965-இல் ‘டெய்லி மிரர்’ பத்திரிகைக்கு ஒரு ரசீது வந்தது. பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தின் கிளோக் ரூம் ரசீது. போய்ப் பார்த்தால் வெல்லிங்டன் பிரபு பயணிகளின் மூட்டைகளோடு காத்திருந்தார், சட்டம் இல்லாமல்.