கொழும்பில வேலை கிடைச்ச உடன பெட்டி கட்டாதேங்கோ: எங்கட ஆக்கள் விடுற பிழையள்

போன மாசம் அக்கான்ர மகள் சாவகச்சேரியில இருந்து கோல் எடுத்தவ. “மாமா, கொழும்பில வேலை கிடைச்சிட்டுது, ஒரு லட்சம் சம்பளம், வரட்டோ?” எண்டு ஒரே மூச்சில கேட்டா. நான் “ஒபிஸ் எங்க பிள்ளை?” எண்டன். “கொழும்பிலதான் மாமா.” “கொழும்பில எங்க?” அவவுக்குத் தெரியேல்ல. ஓபர் லெட்டரில ஹெட் ஒபிஸ் அட்ரஸ் மட்டும்தான் இருந்ததாம், இருந்து வேலை செய்யப்போற இடம் எதெண்டு கேக்கவே இல்லையாம். கேட்டுப்போட்டு எடு எண்டு வைச்சிட்டன்.

எங்கட பக்கத்து ஆக்களுக்கு வவுனியா தாண்டினா எல்லாமே கொழும்புதான். வேலை விளம்பரத்தில கொழும்பு எண்டு போட்டிருந்தா அது கோட்டையில இருக்கிற உலக வர்த்தக மையமாயும் இருக்கலாம், ராஜகிரியவாயும் இருக்கலாம், மாலபேயாயும் இருக்கலாம், 1978 இல தொடங்கின கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்குள்ள ஒரு கட்டடமாயும் இருக்கலாம். கட்டுநாயக்க கொழும்பு மாவட்டமே இல்லை, கம்பஹா, கோட்டையில இருந்து 30 கிலோமீற்றருக்கு மேல. அதால “கொழும்புக்குப் போறதா வேண்டாமா” எண்டு மொட்டையாக் கேட்டா ஒருத்தராலயும் மறுமொழி சொல்ல ஏலாது. எந்தச் சந்தியில வேலை, எந்தச் சந்தியில படுக்கை, ரெண்டுக்கும் நடுவில காலமை ஏழரைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், அதைக் கேளுங்கோ.

நானே அந்தப் பிழையை விட்டனான். 2012 இல வந்தது, வேலை ராஜகிரியவில, ரூம் எடுத்தது வெள்ளவத்தையில. ஏனெண்டா எல்லாரும் அங்கதானே எடுக்கினம், குட்டி யாழ்ப்பாணம், இறங்கினா தமிழ்க் கடை, மயூரபதி அம்மன் கோயில், பின்னேரத்தில ஊர் பஸ் காலி வீதியிலயே வந்து நிக்கும், அம்மாவுக்கும் நிம்மதி. மேப்பில பாத்தா ஏழெட்டுக் கிலோமீற்றர்தான். ஆனா 141 இல ஏறி நாரஹேன்பிட்டியில இறங்கி, அங்கால இன்னொரு பஸ்ஸுக்கு நிண்டு, ஆயுர்வேதச் சந்தியில அசையாமக் கிடந்து, போக ஒண்டேகால் மணித்தியாலம் வர ஒண்டரை. ராஜகிரிய மேம்பாலம் 2018 இலதான் திறந்தவை, அப்ப அதுவும் இல்லை. கிழமைக்கு அஞ்சு நாள் கூட்டிப் பாருங்கோ, பதினாலு மணித்தியாலம் கிட்ட வரும், ஏறக்குறைய ரெண்டு வேலை நாள் சும்மா பஸ்ஸுக்குள்ள. அதுக்கு ஒருத்தரும் சம்பளம் தாறேல்ல. என்ர ரூமில இருந்த பெடியனுக்கு கோட்டையில வேலை, அவன் சீசன் ரிக்கற் எடுத்து வெள்ளவத்தையில ரெயின் ஏறினா பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, செக்ரட்டேரியற், அடுத்தது கோட்டை, இருபது நிமிசச் சொச்சத்தில ஒபிஸ். ஒரே ரூம், ஒரே வாடகை, ஆனா ரெண்டு பேரும் ரெண்டு வேற ஊரில இருந்த மாதிரி.

வெள்ளவத்தை கூடாது எண்டு நான் சொல்ல வரேல்ல. மகரகம, நுகேகொடைப் பக்கம் வேலை எண்டா 138 ஓடுற ஹைலெவல் ரோட்டுப் பக்கம் பாருங்கோ. பேலியகொட, வத்தளை எண்டா கொட்டாஞ்சேனை, வத்தளையிலயே தமிழாக்கள் நிறைய இருக்கினம், பொன்னம்பலவாணேசர் கோயிலும் அங்காலதான் இருக்கு, சாமி கும்பிட வெள்ளவத்தைக்கே வரவேணும் எண்டில்லை.

இன்னொண்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து வீடு பாக்கிறது. ஊரில இருந்து சனி இரவு பஸ் ஏறி, ஞாயிறு விடிய இறங்கி, ரெண்டு மூண்டு இடம் பாத்துப்போட்டு அண்டிரவே திரும்பிப் போறவை. ஞாயிறு ரோட்டு வெறுமனா இருக்கும், போயா, அதாவது பௌர்ணமி லீவு நாள் எண்டா இன்னும் மோசம், அதாவது இன்னும் நல்லாயிருக்கும். “ஒபிஸுக்கு பதினஞ்சு நிமிசம்தான் தம்பி” எண்டு புரோக்கர் சொல்லுறது பொய்யில்லை, அந்த நாளுக்கு அது உண்மை. ஏலுமெண்டா ஒரு செவ்வாயோ புதனோ வந்து, பாடசாலை நடக்கிற நாளாப் பாத்து, காலமை ஏழரைக்கு அந்த வீட்டு வாசல்ல இருந்து ஒபிஸ் கேற் வரைக்கும் நீங்களே பஸ்ஸில போய்ப் பாருங்கோ. பின்னேரம் அஞ்சரைக்கு அதே வழியால திரும்பி வாங்கோ. ஓட்டோவில போய்ப் பாக்காதேங்கோ, தினமும் பிக்மீ அப்பில ஓட்டோ போட்டுப் போற சம்பளம் எண்டா நீங்கள் இதை வாசிச்சுக்கொண்டு இருக்கமாட்டியள்.

காசுக்கு வருவம். எல்லாரும் மாசச் செலவைக் கணக்குப் பாக்கினம், முதல் நாள் செலவைப் பாக்கிறேல்ல. ஒரு பேச்சுக்கு வாடகை 35,000 எண்டு வைப்பம், ஆறு மாச அட்வான்ஸ் கேட்டா 210,000, சில பேர் ஒரு வருசத்துக்கே கேப்பினம். அதுக்கு மேல புரோக்கர் காசு, மெத்தை, காஸ் குக்கர், ஃபான். ஒரு லட்சம் சம்பளக்காரர் மூண்டு லட்சம் கையில வைச்சுக்கொண்டு வரவேணும், அந்தக் காசு எங்கால வரும் எண்டு கேட்டா அம்மான்ர சங்கிலி அடகுக்குப் போகும். வட்டியையும் கொழும்புச் செலவில சேருங்கோ.

அட்வான்ஸ் எண்ட சொல்லுக்கு இஞ்ச ரெண்டு கருத்து இருக்கு. ஒண்டு, மாசாமாசம் வாடகையில கழிச்சுக்கொண்டு போறது. மற்றது, டிப்போசிட் மாதிரி வீட்டுக்காரர் வைச்சிருந்து விட்டுப் போகேக்க தாறது. முதல் வகை எண்டா முதல் ஆறு மாசம் கையில காசு மிஞ்சும், அது சம்பளத்தில மிச்சம் எண்டு நினைச்சு ஃபோன் மாத்தினா ஏழாம் மாசம் வாடகைக்கு முழிப்பியள். ரெண்டாம் வகை எண்டா முழுசாத் திரும்பி வராது, பெயின்ற் அடிக்க எண்டு ஒரு வெட்டு விழும். என்ர முதல் வீட்டுக்காரர் ஆணி அடிச்ச ஓட்டையெல்லாம் எண்ணிக் கழிச்சவர், அதில பாதி ஓட்டை எனக்கு முதல் இருந்த ஆள் அடிச்சது. சாவி வாங்கிற நாளே சுவரையெல்லாம் ஃபோனில படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில போட்டு விடுங்கோ, மரியாதைக் குறைவா எடுக்கமாட்டினம்.

கரண்ட் மீற்றரையும் கேளுங்கோ. அனெக்ஸ், மேல்மாடி ரூம் எண்டா பெரும்பாலும் ஒரு மீற்றர்தான் இருக்கும், உங்களுக்கு ஒரு சப் மீற்றர் பூட்டி இருப்பினம். யூனிற் கூடக் கூட விலையும் ஏறுற மாதிரித்தான் வீட்டுக் கரண்ட் கணக்கு, மூண்டு குடும்பம் ஒரு மீற்றரில இருந்தா எல்லாரும் சேந்து மேல் படிக்குப் போயிடுவினம், நீங்கள் ஒரு ஃபானும் ஒரு ரைஸ் குக்கரும்தான் பாவிச்சாலும் யூனிற்றுக்கு ஏசி போடுற வீட்டுக்காரரின்ர விலைதான்.

சம்பளத்திலயும் ஒரு லட்சம் எண்டா ஒரு லட்சம் கைக்கு வராது. ஈபிஎஃப், அதுதான் ஊழியர் சேமலாப நிதி, 8 வீதம் உங்களிட்டக் கழியும், கம்பனி 12 வீதம் போடும், ஈரிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் அவையின்ர பாடு. 2025 ஏப்ரலில இருந்து மாசம் 150,000 வரைக்கும் சம்பள வரி இல்லை, அந்தளவுக்கு நிம்மதி. ஆனா பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, ஈபிஎஃப் எந்தத் தொகைக்குக் கட்டுவினம், புரொபேஷன் முடியுமட்டும் இதே சம்பளமோ எண்டு வாயால கேட்டா பத்தாது, கடிதத்தில எழுதி வாங்குங்கோ. அது வாறதுக்கு முதல் ஊர் வேலைக்கு ரிசைன் லெட்டர் குடுக்காதேங்கோ. அதைக் குடுத்துப்போட்டு நடுவில நிண்ட ரெண்டு பேரை எனக்குத் தெரியும்.

வாடகை மலிவு எண்டு வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் பாத்தா அக்கம்பக்கக் கடையில தண்ணி எவ்வளவுக்கு வந்தது எண்டு விசாரியுங்கோ. 2016 மேயிலயும், 2025 நவம்பர் கடைசியில டித்வா புயலோடயும் களனி கங்கை பெருகி அந்தப் பக்கமெல்லாம் மூடினது. வீட்டுக்காரர் தானா வாய் திறக்கமாட்டார், கடைக்காரர் சுவரில அடையாளமே காட்டுவார்.

ஆரிட்டப் புத்தி கேக்கிறது எண்டதிலயும் பிழை நடக்குது. ஒவ்வொரு குடும்பத்திலயும் ஒரு கொழும்புச் சித்தப்பா இருப்பார், அவர் அந்தக் காலத்தில ஃபிளாட் வாங்கிப்போட்டு இருக்கிறவர், வாடகை குடுத்ததே இல்லை, பஸ் ஏறி இருபது வருசம். “வா, பாத்துக்கொள்ளலாம்” எண்டுவார், பாசத்திலதான் சொல்லுறார், ஆனா அவரின்ர கொழும்பு வேற உங்கட கொழும்பு வேற. அதே கம்பனியில ரெண்டு வருசத்துக்குள்ள ஊரில இருந்து வந்து சேந்த ஒருத்தரைப் பிடிச்சுக் கதையுங்கோ, மாசக் கடைசியில கையில என்ன மிஞ்சுது எண்டு வெக்கப்படாமக் கேளுங்கோ.

சிங்களம் தெரியாது எண்டு வராம விடுறதும் பிழை, தேவையே இல்லை எண்டு வாறதும் பிழை. பஸ்ஸில “இஸ்ஸரஹாட்ட யன்ன” எண்டா முன்னுக்குப் போகச் சொல்லுறான், “பஹினவா” எண்டா இறங்கப்போறன், அது ஒரு கிழமையில வந்திடும். ஆனா மீற்றிங்கில எல்லாரும் இங்கிலீசில தொடங்கிச் சிங்களத்துக்கு மாறேக்க நீங்கள் மட்டும் சிரிச்சுக்கொண்டு இருக்க வேண்டி வரும், புரமோஷன் அந்த இடத்திலதான் தவறுறது. இன்ரவியூவிலயே கேளுங்கோ, ரீமுக்குள்ள என்ன பாசையில கதைக்கிறனீங்கள் எண்டு.

வீட்டுக்காரர் ஐடி கொப்பி, ஜீஎஸ் எண்ட கிராம சேவகரின்ர சேர்டிபிக்கற் கேட்டா சில பேர் கொதிக்கினம். கொதிக்கிறதுக்குக் காரணமும் இருக்கு, 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில இருந்த எங்கட சனத்தை விடியப்புறம் பஸ்ஸில ஏத்தி அனுப்பினதும், அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிப்பாட்டினதும் அப்பா அம்மாவுக்கு இன்னும் மறக்கேல்ல, அவை பயப்பிட்டா சிரிக்காதேங்கோ. கொப்பியைக் குடுங்கோ, நீங்களும் ஒண்டு வைச்சிருங்கோ.

சின்னப் பிள்ளையோட வாறவை வேற கணக்குப் போடவேணும். முதலாம் வகுப்புக்கு, கிட்ட இருக்கிற ஆக்கள் எண்டு எடுக்கேக்க கடந்த வருசங்களில வாக்காளர் பட்டியலில பேர் இருந்ததுக்கும் புள்ளி இருக்கு. பேரை ஊரிலயே விட்டுப்போட்டு வந்து இருந்தா பம்பலப்பிட்டி இந்துவுக்குப் பக்கத்து ஒழுங்கையில குடியிருந்தாலும் கஷ்டம்.

கடைசியா ஊர்க் கணக்கு. யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர் கிட்ட, இரவு பஸ்ஸில ஏறினா விடிய இறங்கலாம் எண்டு லேசாச் சொல்லுறம். மாசத்தில ரெண்டு தரம் அப்பிடிப் போய் வந்து திங்கள் காலமை நேர ஒபிஸுக்குப் போய்ப் பாத்தவைக்குத் தெரியும். நல்லூர்த் திருவிழா, தீபாவளி, பொங்கல் எண்டா ரிக்கற்றே கிடையாது. வருத்தக்கார அப்பாவோ அம்மாவோ இருந்தா, நடு இரவில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறது ஆர் எண்டு அக்கா அண்ணையோட இருந்து கதைச்சு ஆளின்ர பேரைச் சொல்லி முடிவெடுத்துப்போட்டு வாங்கோ. “பாப்பம்” எண்டு விட்டுட்டு வந்தா பிறகு ஒவ்வொரு கோலுக்கும் நெஞ்சு இடிக்கும்.

நேற்று மருமகள் மெசேஜ் போட்டிருந்தா. எச்ஆரிட்டக் கேட்டவவாம். “மாமா, வேலை கம்பஹாப் பக்கம் பியகம வலயத்துக்குள்ளயாம். அம்மா வெள்ளவத்தையிலதான் இருக்கவேணும் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறா. அதுக்குக் கிட்ட கிரிபத்கொடைப் பக்கம் பொம்பிளைப் பிள்ளையளுக்கு ரூம் இருக்குமோ? செவ்வாய்க்கிழமை லீவு போட்டு வாறன், காலமை என்னோட பஸ்ஸில வருவியளோ?”