சீனி போடாத தக்காளி சோஸ்

கடைச் சோஸ் போத்தலின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள்: 100 கிராமில் மாச்சத்து 25 கிராம் அளவில் இருந்தால், பெரும்பாலும் அது சீனிதான். வைத்துவிடுங்கள்.

மட்டக்களப்போ கல்முனையோ, சந்தையில் நன்கு கனிந்த தக்காளி 1 கிலோ வாங்குங்கள். செங்காய் வேண்டாம், புளிக்கும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்துப் பிசையுங்கள். அகன்ற தாச்சியில் 2 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், 4 பல் உள்ளி, 2 சின்ன வெங்காயம் (கூடினால் மாச்சத்தும் கூடும்) வதக்கி, தக்காளியும் உப்பும் சேர்த்து, மூடாமல் 40 நிமிடம் வற்றவிடுங்கள். அலுமினியத் தாச்சி வேண்டாம். புளிப்பு அதை அரிக்கும்.

அடியில் கரண்டியால் இழுத்த கோடு உடனே மூடாமல் நின்றால் பதம். அவசரப்பட்டு இறக்கினால் தட்டில் தண்ணீர் பிரியும். புளித்தால் சீனியைத் தேடாதீர்கள். ஒரு சிட்டிகை அப்பச்சோடா, நுரைத்து அடங்கும். கூடினால் சவர்க்கார வாடைதான்!