மெஸ்ஸைத் திரும்பத் திறப்பவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு தமிழ்நாட்டில் 2021 ஜூலை 5 முதல் பாதி இருக்கைகளோடு உட்கார வைத்துச் சாப்பாடு போட அனுமதி வந்தது. பார்சல் மட்டும் கட்டுப்படியாகாமல் மே மாதமே பூட்டியவர்களில் மூன்று பேர் எங்கள் தெருவில் திறந்தார்கள். போய்ப் பார்த்தேன். 2020 ஜூனில் நான் சறுக்கிய இடத்திலேயே அவர்களும் கால் வைத்தார்கள். முகக்கவசம், கைகழுவுதல் எல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

காய்ச்சலுக்குச் சம்பளம் பிடிப்பது

2020 ஜூன் 8-ல் என் மெஸ்ஸைத் திறந்தபோது வாசலில் தெர்மல் ஸ்கேனர், சானிடைசர், தரையில் வட்டம் எல்லாம் போட்டேன். சாப்பிட வருகிறவர்களை மட்டும்தான் சந்தேகப்பட்டேன். உள்ளே வேலை பார்த்த ஏழு பேரைப் பற்றி யோசிக்கவில்லை. வியாபாரம் பாதிதானே என்று, “வந்தால்தான் சம்பளம்” என முதல் நாளே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வாரம் சப்ளை பார்க்கும் தம்பி ஒருவனுக்கு ராத்திரி காய்ச்சல். இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவன், வீட்டு வாடகை பாக்கி வேறு. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலையில் வந்து நின்றான். மாத்திரை சூட்டைக் குறைத்துவிட்டது, ஸ்கேனர் எதையும் காட்டவில்லை. மூன்று நாள் இப்படியே ஓடியது.

மதியக் கூட்டம் அடங்கியதும் எல்லாரும் பின்னால் இருக்கும் ஸ்டோர் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, கவசத்தைக் கழற்றிவிட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஜன்னல் இல்லாத அறை அது. நான்கு பேருக்கு பாசிட்டிவ், மற்றவர்களுக்கு 14 நாள் தனிமை. கடைக்குப் பூட்டு. மாஸ்டருக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டியதாகிவிட்டது. பிழைத்தார், ஆனால் இன்றும் அடுப்பு முன் நின்றால் அவருக்கு மூச்சு வாங்குகிறது.

“சொன்னா சம்பளம் போயிருமேன்னு பயந்துட்டேண்ணே” என்றான் அந்தத் தம்பி. அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவனை மறைக்க வைத்தவன் நான். ஒரு வாரச் சம்பளம் மூவாயிரம் ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப் போய், வாடகை, கெட்டுப்போன சரக்கு, வைத்தியச் செலவு என்று ஒரு லட்சத்துக்கு மேல் போனது.

அந்த ஜூலையில் திறந்த ஒரு மெஸ்ஸில் கல்லாவுக்குப் பின்னால் “விடுப்பு எடுத்தால் ஊதியம் இல்லை” என்று அட்டை தொங்கியது. பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு அட்டை உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அதைக் கழற்றுங்கள். காய்ச்சலோ இருமலோ, வாசனை தெரியவில்லையோ, போனில் சொன்னால் போதும், சம்பளம் முழுசாக வரும் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். ஒருவருக்காவது அப்படிக் கொடுத்துக் காட்டும் வரை மற்றவர்கள் நம்ப மாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம், அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடும். அதனால் ஆட்கள் இரண்டிரண்டு பேராக மொட்டை மாடியிலோ பின்வாசலிலோ சாப்பிடட்டும். மாஸ்டர், சப்ளை எல்லாரையும் இரண்டு குழுவாகப் பிரித்துவிட்டால், ஒரு குழு முடங்கினாலும் அடுப்பு எரியும்.

ஜன்னலை அடைத்து ஏசி போடுவது

2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், ஜன்னல் இல்லாத உணவகக் கூடம் ஒன்றில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்த மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குத் தொற்று வந்தது. மேசைகளுக்கு நடுவே சுமார் ஒரு மீட்டர் இடைவெளி இருந்தும், ஏசி காற்று கிருமியைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனது. ஜன்னலைத் திறந்து வைத்து எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்கள். புழுக்கம் என்று இரண்டு பேர் எழுந்து போனாலும் பரவாயில்லை.

ஆட்கள் மேல் கிருமிநாசினி மருந்து தெளிப்பது

கூடாது. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலப்பது

குளோரின் வாயு கிளம்பும். உயிருக்கு ஆபத்து.

பழைய தண்ணீர், பழைய டியூப்

மாதக்கணக்கில் தேங்கிய தொட்டியைக் கழுவாமல் ஒரு குடம்கூட எடுக்காதீர்கள். குழாய்களில் நிற்கும் தண்ணீரையும் திறந்து ஓட விடுங்கள். பூட்டிய கடையில் எலி கேஸ் டியூப்பைக் கடித்திருக்கலாம். சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்த்த பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள்.

அடுப்புப் பக்கம் சானிடைசர்

ஆல்கஹால் அது. குப்பென்று பிடிக்கும். சமையல்கட்டில் சோப்பு மட்டும் போதும்.